புரவலரும் கைம்முதலும்: தோப்பில் முகமது மீரானை முன்வைத்து

2019ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் தோப்பில் முகமது மீரான் அவர்கள் மறைந்தபின் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள் பலவற்றில் ஒரு செய்தி இடம்பெற்றிருந்தது. அவர் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துவந்தவர் என்பதே அச்செய்தி. வற்றல் வணிகர் ஒருவர் சாகித்திய அகாதெமி விருது பெறும் அளவுக்குப் புதினம் எழுதினாரே என்ற வியப்பே அக்குறிப்புகளில் மேலோங்கி நின்றது. வணிகம் வேறு, எழுத்து வேறு, இரண்டுக்கும் ஏதேனும் தொடர்பு இருக்குமாயின் முன்னது பின்னதன் நேரத்தைத் தின்றது என்பதே என்ற எண்ணம் அவ்வியப்பினுள் மறைந்திருந்தது.

இக்கட்டுரை அதற்கு மாறான கருத்தொன்றை முன்வைக்க விழைகிறது. தோப்பிலாரின் வணிகமும், தம் முதற்புதினத்தைத் தம் சொந்தப் பொருளைக் கொண்டு நூலாக்கிய செயலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றின் ஓரத்தில் எழுதி வைக்கவேண்டிய துணுக்குகளல்ல. அவரால் எதை எழுத முடிந்தது என்பதையே அவை தீர்மானித்தன. எழுத்தாளன் யாருடைய சோற்றை உண்கிறான் என்ற கேள்வியை, அவன் யாரைப் பற்றி எவ்வாறு எழுதுகிறான் என்ற கேள்வியிலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது.

புரவலரின் நிழல்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் புரவலர்களின் கொடையால் செழித்தது என்பதை நாம் பெருமிதத்தோடு கூறிவருகிறோம். அது நியாயமான பெருமிதமே. உமறுப் புலவர் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவரலாற்றை 5027 விருத்தப் பாக்களில் சீறாப்புராணமாகப் பாடுவதற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி தூண்டுகோலாக இருந்தார் என்பதும், அவருடைய மறைவுக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார் என்பதும் வழிவழியாக வரும் செய்திகள். அபுல் காசிம் மரைக்காயரின் புகழ் அக்காப்பியத்தின் உள்ளேயே பல இடங்களில் வாழ்த்தப்பெறுகிறது. பொருள் தந்தவரின் பெயரைப் பனுவலுக்குள் பதித்து நன்றி செலுத்துவது தமிழ்ப் புலமை மரபு. அதில் குறைகாண ஏதுமில்லை.

ஆயினும் இம்மரபில் ஓர் எல்லையும் உண்டு. பெருமானாரின் வரலாற்றைப் பாடுகையில் புலவனின் நோக்கமும் வள்ளலின் நோக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன; முரண்படுவதற்கு அங்கே இடமில்லை. ஆனால் புலவன் பாட விரும்புவது அந்த வள்ளலின் பண்டகசாலையில் மூட்டை சுமப்பவனின் பசியாக இருந்தால் என்ன நேரும்? புரவலர் மரபு இக்கேள்வியை எதிர்கொண்டதில்லை. எதிர்கொள்ள வேண்டிய தேவையும் அதற்கு எழவில்லை.

அரபுலகம் இக்கேள்வியை முன்னரே சந்தித்திருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராவிலும் பக்தாதிலும் வாழ்ந்த அல்ஜாஹிழ், இளமையில் ரொட்டியும் மீனும் விற்றவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். ‘வர்ராக்’ என அழைக்கப்பட்ட காகித, நூல் வணிகர்களின் கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை அங்கிருந்த நூல்களைப் படித்தவர் அவர். பிற்காலத்தில் தம் பெருநூல்களை அமைச்சர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் காணிக்கையாக்கிப் பெரும்பரிசில் பெற்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப்பின் வந்த அபூ ஹய்யான் அத்தவ்ஹீதிக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. படியெடுக்கும் தொழிலால் வயிறு வளர்த்த அவர் அமைச்சர்களின் அவைகளை அண்டிப் பார்த்தார், அவமதிப்பையே பெற்றார். அந்த அமைச்சர்களில் இருவரது குணங்களைத் தோலுரிக்கும் ‘அக்லாகுல் வஸீரைன்’ என்ற நூலை எழுதினார். முதுமையில் தம் நூல்களைத் தாமே தீயிலிட்டார். புரவலரைப் புகழ்ந்தவர் பரிசில் பெற்றதும், புரவலரை ஆராயத் துணிந்தவர் தம் ஏடுகளுக்குத் தாமே தீ மூட்டியதும் ஒரே நாகரிகத்தில், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவை.

அதே காலப்பகுதியில் வேறொரு வழியும் இருந்தது. கி.பி. 987இல் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்ற மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னுந் நதீம் ஒரு வர்ராக். படியெடுத்தல், கட்டமைத்தல், விற்றல் ஆகிய தொழில்களுக்கு நடுவே வாழ்ந்தவர். அரபு அறிவுலகம் முழுவதையும் ஒரு நூலுக்குள் அடுக்கிக் காட்டுவதற்கான பார்வையை அவருக்கு அளித்தது அந்தக் கடைவீதியே எனக் கொள்வதில் தவறில்லை. அறிஞனாக இருப்பதும் வணிகனாக இருப்பதும் நம் பண்பாட்டில் பகையானவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அச்சுப்பொறி வந்த பின்

அச்சுப்பொறியின் வருகை இந்த வழியைத் தமிழில் அகலமாக்கியது. இலங்கையில் வழக்கறிஞராகத் திகழ்ந்த சித்தி லெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற புதினத்தை வெளியிட்டார். தமிழில் எழுந்த தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்று அது. தொழிலால் வருவாயும் கையில் ஓர் இதழும் கொண்டிருந்த காரணத்தால், கல்விச் சீர்திருத்தம் பற்றிச் சமுதாயத்தின் பெரும்புள்ளிகள் விரும்பாதவற்றையும் அவரால் சொல்ல முடிந்தது.

எனினும் எழுத்தையே வாழ்வாகக் கொண்டு, தன் நூலைத் தானே சுமந்து விற்ற எழுத்தாளரின் முழு வடிவத்தைக் காணவேண்டுமெனில் அண்டை மொழியான மலையாளத்துக்குச் செல்லவேண்டும். தோப்பிலாரைப் புரிந்துகொள்ளவும் அவ்வழி தவிர்க்கவியலாதது. அவர் பிறந்த தேங்காய்ப்பட்டினம் 1956 வரை திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். பிற்காலத்தில் மலையாளப் படைப்புகளைத் தமிழாக்கியவரும் அவர்.

வைக்கம் முகம்மது பஷீர் சிறையில் இருந்தபோது எழுதிய ‘பிரேமலேகனம்’ 1943இல் வெளிவந்தது; மறு ஆண்டே திருவிதாங்கூர் அரசு அதனைத் தடைசெய்தது. பஷீர் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து, வீடுகளிலும் கடைகளிலும் விற்றார். பின்னர் எறணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தினார். இதனை வறுமையின் கதையாக மட்டும் சொல்லுதல் போதாது. வாங்குபவரின் முகத்தைப் பார்த்துத் தன் கதையை விற்ற ஒருவரே, எந்தப் பண்டிதரும் இலக்கிய நடை என்று ஏற்றுக்கொள்ளாத மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சை இலக்கியமாக்கினார். 1951இல் வெளிவந்த ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்ற குறும்புதினத்தில், பாட்டனாரின் யானையை எண்ணி எண்ணியே வாழும் ஒரு குடும்பத்தின் வெற்றுப் பெருமையை அவர் நகைத்தார். அந்தக் குடும்பத்தாரிடம் கையேந்த வேண்டிய நிலையில் அவர் இருந்திருப்பின் அந்நகைப்பு அவ்வளவு கூர்மையாக எழுந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

இங்கு மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்துடன் எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். எம்.பி. பால் தலைவராகவும் காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளராகவும் பொறுப்பேற்ற அச்சங்கம், நூல் விலையில் நூற்றுக்கு 30 பங்கை ஆசிரியருக்கு உரிமைத்தொகையாக வழங்கியது. மலையாள எழுத்தாளரின் தற்சார்பு, தனியொருவரின் வீம்பாக நின்றுவிடாமல் ஓர் அமைப்பாக உருப்பெற்றது இவ்வாறே. தமிழில் அத்தகைய கூட்டுறவு அதே வலிமையோடு வேரூன்றவில்லை. ஆகவே தமிழ் எழுத்தாளன் தன்னுரிமை வேண்டினால் அதற்கான முதலையும் தானே தேடவேண்டியவனானான்.

முதலாளியைப் பற்றிய புதினம்

‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் ஆசிரியரின் சொந்தச் செலவில் நூலாயிற்று. அப்புதினத்தின் நடுநாயகமாக நிற்பவர் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. ஊரின் நிலம், பள்ளிவாசல், திருமணம், தண்டனை ஆகிய அனைத்தும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. அவரை எதிர்த்து நிமிர்ந்து நிற்பவன் சுறாப்பீலி வாங்கி விற்கும் சிறுவணிகன் மஹ்மூது. ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதைப் பெருங்கேடாகக் கருதும் மனநிலையும், சமயத்தின் பெயரால் அதற்கு அளிக்கப்படும் ஒப்புதலும் கதையின் மற்றொரு சரடு.

இந்த எதிர்ப்பாளன் யார் என்பதைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் படித்துப் பட்டம் பெற்றவனல்லன், கட்சிக்காரனல்லன், வெளியூரிலிருந்து வந்த சீர்திருத்தக்காரனுமல்லன். சொந்தத் தராசும் சொந்தக் கைம்முதலும் உடையவன். முதலாளியின் தோப்பில் கூலிபெறாதவன் என்பதே அவனுடைய துணிவின் ஊற்று. ஊரில் உள்ள மற்றவர்களுக்கும் அநீதி தெரியும். ஆனால் அவர்களுடைய அடுப்பு எரிவது வடக்குவீட்டின் தயவில். மஹ்மூதின் நாவுக்கு உள்ள உரிமை அவர்களுக்கு இல்லை. படைப்பாளி தம் நிலையையே அப்பாத்திரத்தில் எழுதிவைத்தார் என்று கூறுவது மிகையாகலாம். ஆனால் கைம்முதலுக்கும் பேச்சுரிமைக்கும் உள்ள உறவை அவர் உள்ளிருந்து அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

இப்போது சீறாப்புராணத்தின் பதிப்பு வரலாற்றையும் இந்நூலின் பதிப்பு வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் பொருள் தந்த மரைக்காயர் பனுவலுக்குள் வாழ்த்துப் பெற்றார். பின்னதில் பொருள்படைத்த முதலாளி பனுவலுக்குள் விசாரணைக்கு உள்ளானார். முதலாளியை விசாரிக்கும் நூலை முதலாளியின் பணத்தில் அச்சிட இயலாது. அதற்கு மிளகாய் வற்றல் விற்ற பணம் தேவைப்பட்டது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பக்தியிலிருந்து விமரிசனத்துக்கு நகர்ந்தது எனப் பொதுவாகச் சொல்லுகிறோம். அந்நகர்வுக்கு ஒரு பொருளாதாரக் காரணம் இருந்ததை இவ்விடத்தில் தெளிவாகக் காணலாம்.

வணிகம் அவருக்கு உரிமையோடு அறிவையும் தந்தது. 1991இல் வெளிவந்த ‘துறைமுகம்’, கொழும்புக்குக் கருவாடு ஏற்றுமதி செய்துவிட்டு அங்கிருந்து வரும் விலைச்செய்திக்காகக் காத்திருக்கும் கடற்கரைவாசிகளின் கதை. சரக்கு தம்முடையது, விலை பிறருடையது என்ற நிலையில் ஓர் ஊர் எவ்வாறு மெல்ல மெல்லக் கடனாளியாகிறது என்பதை அப்புதினம் காட்டுகிறது. கணக்கேட்டைப் புரட்டிப் பழகிய கைக்கே இத்தகைய நுட்பம் கைகூடும். சுரண்டலைப் பற்றிக் கொள்கைவழி எழுதப்பட்ட பல புதினங்களில் முதலாளி கொடியவராகவே வருவார். அவர் எவ்வாறு சம்பாதிக்கிறார் என்பது மட்டும் வாசகனுக்கு விளங்காது. தோப்பிலாரிடம் அது விளங்கும்.

1997இல் வெளிவந்து அவ்வாண்டிலேயே சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யை இந்தக் கோணத்தில் வாசித்தால் அது புதியதொரு பொருளைத் தருகிறது. ‘சவ்தா மன்ஸில்’ என்ற முதுபெரும் வீட்டின் கடைசி வாரிசான முஸ்தபாக்கண்ணு உழைத்தறியாதவர். முன்னோர் வைத்துச் சென்ற பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் சுவைக்குச் செலவிடுகிறார். மனைவியை அடிப்பதற்கென்றே அவரிடம் பரம்பரைச் சொத்தாக ஓர் ‘அதபுப் பிரம்பு’ இருக்கிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி வீட்டையே தின்று தீர்க்கும் இம்மனிதர், முன்னொரு காலத்தில் புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கக்கூடிய ஒரு குலத்தின் எச்சம். கொடுப்பதற்கு ஏதுமற்ற நிலையிலும் கொடுத்தவர் வழிவந்தோம் என்ற செருக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. பஷீரின் யானைக்கும் இந்த நாற்காலிக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. இரண்டையும் எழுதியவர்கள் தம் நூலுக்குத் தாமே முதலிட்டவர்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை.

தற்சார்பின் விலை

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தையும் கூறாதொழிவது நேர்மையாகாது. தன் நூலைத் தானே வெளியிடுபவனுக்கு அவனுடைய பிழைகளைச் சுட்டுவாரில்லை. தோப்பிலாரின் நெடும்புதினங்களில் கூறியது கூறலும் தளர்ச்சியும் உண்டு. ‘சாய்வு நாற்காலி’யில் முஸ்தபாக்கண்ணுவின் உணவாசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தேர்ந்த செம்மையாக்குநர் ஒருவர் சுருக்கியிருக்கக்கூடும். ஆனால் அதே செம்மையாக்குநர், மலையாளமும் அரபும் கலந்த அந்தக் கடற்கரைப் பேச்சையும் ‘திருத்த’ முனைந்திருப்பின் இழப்பு எவ்வளவு பெரிதாகியிருக்கும்? தன்னுரிமை அவருக்குக் குறைகளைச் செய்யவும் இடங்கொடுத்தது. அம்மொழியைக் காக்கவும் இடங்கொடுத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தே நிறுக்கவேண்டும்.

மேலும் அவர் முற்றிலும் தனித்து நின்றவரல்லர். தொடராக வெளியிட ஒரு சமுதாய இதழ் முன்வந்தது. நூலானபின் திறனாய்வாளர்கள் கவனப்படுத்தினர். பின்னர் காலச்சுவடு போன்ற பதிப்பகங்கள் மறுபதிப்புகள் கொண்டுவந்தன. கைம்முதல் கதவைத் திறந்தது. நூல் நெடுந்தொலைவு சென்றது பிறர் துணையால். தற்சார்பு என்பது யாருமே வேண்டாம் என்பதன்று. தொடக்கத்தில் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

இதனினும் முதன்மையான வரம்பு ஒன்று உண்டு. புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் செல்லும் எழுத்தாளரின் உருவம் ஆணுருவம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன நிலையிலும் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற புதினத்தை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையையும் பெற்றார். ஆனால் பஷீரைப் போலக் கடைவீதியில் இறங்கி விற்கும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. அவருக்குப்பின் அறுபதாண்டுகளுக்கு மேல் கழிந்த நிலையிலும் துவரங்குறிச்சியில் ஒரு பெண் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதவேண்டியிருந்தது; சல்மா என்ற புனைபெயரைச் சூடவேண்டியிருந்தது. அவருடைய கவிதைத் தொகுப்பு 2000இலும், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இலும் காலச்சுவடு பதிப்பகம் வழியே வெளிவந்தன. சொந்த வருவாயும் வெளியே நடமாடும் உரிமையும் மறுக்கப்பட்ட ஒருவருக்குப் பதிப்பகமே தன்னுரிமையின் வாயிலாகிறது. எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் பதிப்பாளர் அவருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு திரையாக நிற்கிறார். ஆகவே, சொந்தமாக வெளியிடுவதே உரிமை, பதிப்பகத்தை நாடுவது அடிமைத்தனம் என்று சூத்திரம் வகுப்பது பிழை. ஒவ்வோர் எழுத்தாளரும் யாரிடமிருந்து விடுபட வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அவருக்குரிய வழி அமையும்.

இன்றைய நிலை

1988இல் ஒரு நூலைச் சொந்தமாக அச்சிடுவோர், பல நூறு படிகளை ஒரே முறையில் அச்சிட்டு வீட்டில் அடுக்கி வைக்கவேண்டியிருந்தது. இன்று மின்னச்சு முறையில் ஐம்பது படிகள் மட்டும் அச்சிட்டு, விற்றபின் மீண்டும் அச்சிடலாம். மின்னூலாக வெளியிடுவதற்குக் காகிதச் செலவும் இல்லை. தோப்பிலார் வற்றல் விற்று ஈட்டவேண்டியிருந்த முதலில் ஒரு சிறுபங்கே இன்றைய இளம் எழுத்தாளருக்குப் போதுமானது.

எனினும் அச்சிடும் செலவு குறைந்த அளவுக்கு எழுத்தாளரின் சார்பு குறையவில்லை. நம் சமுதாய நூல் வெளியீட்டு விழாக்களில் நாம் காணும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். முதற்படியைச் செல்வர் ஒருவர் பெறுகிறார். அதற்கென ஒரு தொகை அளிக்கிறார். எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அரங்கில் இருப்போரில் பலர் நூலை விலைகொடுத்து வாங்காமலேயே வீடு திரும்புகின்றனர். அந்த ஒரு தொகையே அச்சுச் செலவை ஈடுகட்டுகிறது என்னும்போது, அடுத்த நூலை எழுத அமரும் எழுத்தாளரின் மனக்கண்முன் வாசகர் தோன்றுவாரா, முதற்படி பெற்ற செல்வர் தோன்றுவாரா? சீதக்காதியின் வழிவந்த ஈகையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒருவர் கொடுக்கும் பத்தாயிரமும் நூறுபேர் கொடுக்கும் நூறு நூறு ரூபாயும் கணக்கில் ஒன்றாக இருப்பினும் எழுத்தில் ஒன்றல்ல. முன்னது எழுத்தாளரை ஒருவருக்குக் கடன்பட்டவராக்குகிறது. பின்னது அவரை யாருக்கும் கடன்படாதவராக்குகிறது.

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விழையும் நம் இளைஞர்களுக்கும் இளம் பெண்களுக்கும் தோப்பிலாரின் வாழ்விலிருந்து சொல்லக்கூடியது இதுவே. வேறொரு தொழிலால் வயிற்றைக் காத்துக்கொள்வது எழுத்துக்கு இழுக்கல்ல. பக்தாதின் வர்ராக்குகள் காலந்தொட்டு அது நம் வழக்கம். அத்தொழிலை எழுத்துக்கு இடையூறு என்று நொந்துகொள்ளாமல், அது காட்டும் உலகைக் கூர்ந்து நோக்குவோருக்கு அதுவே கருப்பொருளாகும். பிழைதிருத்தவும் செம்மையாக்கவும் தகுதியுடைய ஒருவருக்கு உரிய ஊதியம் அளித்து நாடுதல் வேண்டும். தன்னுரிமை என்பது தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் உரிமையாகிவிடலாகாது. இதழ்களோடு உறவு வேண்டும். தொடராக வெளிவரும் காலத்தில் கிடைக்கும் மறுப்புகளைக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

சமுதாயத்துக்குச் சொல்லவேண்டியது இதனினும் சுருக்கமானது. நம்மை வாழ்த்தும் நூல்களுக்கு நம்மிடையே என்றும் ஆதரவு உண்டு. நம்மைக் கேள்வி கேட்கும் நூலை எழுதியவர் தம் கைப்பொருளை இட்டே அதை எழுதுகிறார். அகமதுக்கண்ணு முதலாளியின் ஊர் எங்கோ இல்லை என்று தெரிந்தும் அந்நூலைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் ஒவ்வொரு வாசகரும், மஹ்மூதின் தராசுக்கு ஒரு படிக்கல்லைத் தருகிறார்.